ஆகாய கங்கைக்குத் தண்ணி எங்கிருந்து வருது?

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாக, பேசினதைக் கொஞ்சம் சுருக்கித் திருத்தியிருக்கிறோம்.)

சேலம், நாமக்கல் பக்கம் காலேஜ் படிச்ச யாரைக் கேட்டாலும் ஒரு கொல்லிமலை கதை வெச்சிருப்பாங்க. ரெண்டு பைக், நாலு பேர், விடிகாலையில கிளம்பி ராசிபுரம், பேளுக்குறிச்சி, காளப்பநாயக்கன்பட்டி வழியா காரவள்ளி. அங்கிருந்து 70 கொண்டை ஊசி வளைவு. மேல ஏறி அறப்பளீஸ்வரர் கோயில். கோயிலுக்குப் பக்கத்துல இருந்து கீழே இறங்குற படிக்கட்டு. ஆயிரம் படி இறங்கினா ஆகாய கங்கை.

நானும் அப்படித்தான் போனேன். போன ஜனவரி, பொங்கல் லீவு. சுமார் 300 அடி உயரத்துல இருந்து தண்ணி வெள்ளையா விழுந்துட்டு இருந்தது. சாரல்லயே பாதி நனைஞ்சாச்சு. குளிச்சு முடிச்சு, கால் நடுங்க நடுங்க மேல ஏறி வந்தப்பதான் ஒரு கேள்வி வந்தது. மழை நின்னு மாசமாச்சு. கீழே சமவெளியில ஆத்துல மணல்தான் தெரியுது. இங்க மட்டும் எப்படி இவ்வளவு தண்ணி?

படிக்கட்டு முடியுற இடத்துல ஒரு அக்கா அன்னாசிப்பழம் வெட்டி, உப்பும் மிளகாய்த்தூளும் தூவிக் கொடுத்துட்டு இருந்தாங்க. அவங்ககிட்ட கேட்டேன்.

“ஏங்க்கா, வருஷம் முழுக்க இப்படித்தான் கொட்டுமா?”

“இப்பக் கொட்டும் தம்பி. சித்திரையில வந்து பாரு, நூலாட்டம் இருக்கும். எங்க ஊர்ல ஒரு ஊத்து இருக்குது. நான் கல்யாணமாகி வந்தப்ப கோடையிலயும் குடத்தை முக்கி எடுப்போம். இப்பல்லாம் மாசி பொறந்தா சொம்புல மொண்டு மொண்டுதான் குடத்தை நெப்பணும்.”

நான் கேட்டது அருவியைப் பத்தி. அவங்க பதில் சொன்னது ஊத்தைப் பத்தி. ரெண்டும் வேற வேறன்னு நினைச்சுட்டே பைக்கை எடுத்தேன். வீட்டுக்கு வந்து படிக்கப் படிக்கத்தான், அவங்க என் கேள்விக்குத்தான் நேரா பதில் சொல்லியிருக்காங்கன்னு புரிஞ்சது. இன்னைக்கு எபிசோடு அதுதான்.

மலை மேல ஒரு ஊர் இல்ல, ஒரு நாடு

முதல்ல கொல்லிமலையோட வடிவத்தை மனசுல வெச்சுக்கணும். இது கோபுரம் மாதிரி கூர்மையான மலை கிடையாது. நாலு பக்கமும் செங்குத்தான சரிவு, மேல அகலமா மேடும் பள்ளமுமா ஒரு தளம். கிழக்குத் தொடர்ச்சி மலையில ஒரு துண்டு. பரப்பு சுமார் 280 சதுர கிலோமீட்டர். உயரம் பெரும்பாலும் 1,000 மீட்டர்ல இருந்து 1,300 மீட்டர் வரைக்கும்.

அந்த மேல்தளத்துல ஊர்கள் இருக்கு, வயல் இருக்கு, ஸ்கூல் இருக்கு, செம்மேடுன்னு ஒரு டவுன் இருக்கு. ஊராட்சிகளோட பேரே வளப்பூர் நாடு, வாழவந்தி நாடு, அரியூர் நாடு, தின்னனூர் நாடுன்னுதான் வரும். அங்க வாழறவங்கள்ல பெரும்பாலானவங்க மலையாளிப் பழங்குடி மக்கள். பேரைக் கேட்டுட்டு கேரளான்னு நினைச்சுடாதீங்க. மலையை ஆள்றவங்கன்னு அர்த்தம், பேசறது தமிழ். கடையெழு வள்ளல்கள்ல ஒருத்தரான வல்வில் ஓரி ஆண்ட மலையும் இதுதான். செம்மேட்டுல அவருக்குச் சிலை இருக்கு. ஆடி 17, 18 தேதிகள்ல அரசு விழா எடுக்குது.

இந்த மேல்தளத்துல பல பள்ளங்கள்ல சின்னச் சின்ன ஊத்து கசியுது. ஊத்து ஓடையாகுது, ஓடைங்க சேர்ந்து ஐயாறு. ஐயாறு அறப்பளீஸ்வரர் கோயிலை ஒட்டி ஓடும். அங்க இருக்கிற மீன்களை யாரும் பிடிக்க மாட்டாங்க. சாமி மீனுன்னு பொரி போடுவாங்க. கோயிலைத் தாண்டினதும் தளம் முடிஞ்சுடுது. கால் வைக்க இடமில்லாத ஆறு, அப்படியே கீழே குதிக்குது. அதுதான் ஆகாய கங்கை. விழுந்த தண்ணி பள்ளத்தாக்கு வழியா திருச்சி மாவட்டத்துப் புளியஞ்சோலைக்குப் போய், அந்தப் பக்கத்து வயல்களைத் தொட்டுக்கிட்டு காவிரியை நோக்கிப் போகும்.

ஆக, அருவிங்கிறது ஆறு முடியுற விளிம்பு மட்டும்தான். கதை முழுக்க மேல நடக்குது.

பில்டர் காபி கணக்கு

மழை பெய்யுது. அந்தத் தண்ணி மூணு வழியில போகலாம். கொஞ்சம் ஆவியாகவும் செடி குடிச்சும் போயிடும். கொஞ்சம் தரை மேலயே ஓடி, சில மணி நேரத்துல ஓடையில சேர்ந்து அருவியில விழுந்துடும். அருவி செம்மண் நிறத்துல பொங்கி, வனத்துறை படிக்கட்டை அடைக்கிற நாட்கள்ல நாம பார்க்கறது இந்தத் தண்ணி. மிச்சம் மண்ணுக்குள்ள இறங்கும்.

கொல்லிமலையோட அடிப்பாறை சார்னோக்கைட். கெட்டியான, கருநீல நிறப் பாறை. பாறைக்குள்ள தண்ணி புகாது. ஆனா மேல்பக்கம் கோடிக்கணக்கான வருஷ வெயில்லயும் மழையிலயும் சிதைஞ்சு, பொலபொலன்னு மண்ணாகியிருக்கு. கீழ இருக்கிற கெட்டிப் பாறையில வெடிப்புகள் ஓடுது. மழைத்தண்ணி சிதைஞ்ச மண்ணுல ஊறி, வெடிப்புல இறங்கி, ரொம்ப மெதுவா நகர்ந்து, எங்க பள்ளம் அந்த வெடிப்பை வெட்டுதோ அங்க வெளியே வரும். அதைத்தான் ஊத்துன்னு சொல்றோம்.

வீட்டுல பில்டர் காபி போடறதைப் பார்த்திருப்பீங்க. சுடுதண்ணியை மேல ஊத்தறது அரை நிமிஷம். கீழே டிகாஷன் இறங்கறது அரை மணி நேரம். நடுவுல இருக்கிற பொடிதான் அந்த நேரத்தை உண்டாக்குது. மலைக்கு அந்தப் பொடி, மண். புரட்டாசியிலயும் ஐப்பசியிலயும் மேல ஊத்தின மழை, தை மாசம் வரைக்கும் சொட்டிக்கிட்டு இருக்கு. ஜனவரியில நான் குளிச்சது போன பருவத்து மழையில.

இப்ப பொடி இல்லாம சுடுதண்ணி ஊத்தினா? ஊத்தின வேகத்துல கீழே போயிடும். மேல்மண் கரைஞ்ச மலைக்கும் அதேதான். மழை நாள்ல வெள்ளம், மழை விட்டா வறட்சி. பெய்ஞ்ச மழையோட மொத்த அளவு மாறவே இல்லைன்னாலும் அருவியோட கதை மாறிடும்.

ஒரு சின்னக் கணக்கு. ஒரு சதுர மீட்டர்ல ஒரு மில்லிமீட்டர் மழைன்னா ஒரு லிட்டர். ஒரு சதுர கிலோமீட்டர்ல 100 மில்லிமீட்டர் பெய்ஞ்சா 10 கோடி லிட்டர். அதுல கூடுதலா பத்துல ஒரு பங்கு மண்ணுக்குள்ள இறங்கினாலே 1 கோடி லிட்டர். சென்னையில ஓடுற 12,000 லிட்டர் தண்ணி லாரியில எண்ணூறு லோடுக்கு மேல. ஒரே ஒரு சதுர கிலோமீட்டர்ல, சில நாள் மழையில வர்ற வித்தியாசம் இது.

கிளியூர் ஒரு விதம், இது ஒரு விதம்

சேலத்துக்காரங்க இப்ப ஏற்காட்டை இழுப்பீங்கன்னு தெரியும். ஏற்காட்டுல கிளியூர் அருவியும் கிட்டத்தட்ட இதே உயரம்தான். ஆனா அங்க வர்ற தண்ணியில பெரும்பங்கு ஏற்காடு ஏரி நிரம்பி வழியுற உபரி. ஏரி நிரம்பலைன்னா அருவி கிடையாது. கோடையில போய் வெறும் பாறையைப் போட்டோ எடுத்துட்டு வந்தவங்க நிறைய பேர்.

கிளியூருக்கு ஏரிங்கிற தொட்டி வெளியே கண்ணுக்குத் தெரியுது. வத்தினா நமக்கும் தெரியும், ஏரி எங்கேன்னு கேப்போம். ஆகாய கங்கையோட தொட்டி மண்ணுக்குள்ள இருக்கு. அது குறையறதை யாரும் போட்டோ எடுக்க முடியாது. அன்னாசிப்பழம் வித்த அக்கா மாதிரி, தினமும் குடத்தோட போறவங்களுக்கு மட்டும்தான் தெரியும்.

அருவிக்குக் காவல் இருக்கு, ஊத்துக்கு?

இந்த இடத்துலதான் எனக்கு விஷயம் சுருக்குன்னு தெச்சது. ஆகாய கங்கை வனத்துறையோட கட்டுப்பாட்டுல இருக்கு. டிக்கெட் வாங்கறோம், பையைச் சோதிக்கறாங்க, சாயங்காலம் ஆனா இறங்க விடமாட்டாங்க. கொல்லிமலைச் சரிவுகள்ல நிறைய பகுதி காப்புக்காடு. 1882-ல கொண்டுவந்த வனச் சட்டம்தான் இன்னைக்கும் தமிழ்நாட்டுல காப்புக்காடு அறிவிக்கறதுக்கு அடிப்படை. உள்ளே மரம் வெட்டறது, தீ வைக்கறது, நிலத்தைத் திருத்தி உழறதெல்லாம் குற்றம்.

ஆனா தண்ணி ஊறுற இடம்? அது மேல்தளம். அதுல பெரும்பகுதி தனியார் விவசாய நிலம். அருவி விழற பாறைக்கு அரசாங்கக் காவல் இருக்கு. அருவிக்குத் தண்ணி கொடுக்கற மண்ணை ஒரு விவசாயி அடுத்த போகத்துக்கு என்ன பயிர் வைக்கலாம்னு எடுக்கற முடிவு தீர்மானிக்குது.

இதைக் கேட்டதும், “அப்ப அந்த நிலத்தையும் காடாக்கிடலாமே”ன்னு சிட்டியில உட்கார்ந்து சொல்லத் தோணும். அது அவங்க வீடு, அவங்க சோறு. தலைமுறை தலைமுறையா அங்க வாழறவங்களை வெளியே தள்ளிட்டு அருவியைக் காப்பாத்தறது தீர்வே இல்ல. அவங்க ஏன் பயிரை மாத்தினாங்கன்னு கேக்கறதுதான் உருப்படியான கேள்வி.

சாமை போய் மரவள்ளி வந்தது

ரெண்டு தலைமுறைக்கு முன்னாடி பள்ளத்துல ஊத்துத் தண்ணி நிக்கற வயல்ல நெல்லு. மேட்டுல சாமை, தினை, வரகு, கேழ்வரகு. சாமையை நெருக்கமா விதைப்பாங்க. முளைச்சு வந்துட்டா தரையை மூடிடும். மழைத்துளி மண்ணை நேரா அடிக்காது.

அப்புறம் மரவள்ளி வந்தது. சேலம், நாமக்கல் சமவெளி முழுக்க ஜவ்வரிசி ஆலைங்க. இந்தியாவோட ஜவ்வரிசியில பெரும்பங்கு இந்த வட்டாரத்துலதான் தயாராகுது. சேலத்துல சேகோசர்வ் கூட்டுறவு சங்கம் 1981-ல வந்தது. சேலம் ஜவ்வரிசிக்கு 2023-ல புவிசார் குறியீடும் கிடைச்சது. ஆலைக்குக் கிழங்கு வேணும். மலையில மரவள்ளி நல்லா வரும், கைக்குக் காசும் வரும். பிள்ளைங்களைப் படிக்க வைக்கணும், ஆஸ்பத்திரிக்குப் போகணும். சாமையை உரல்ல குத்தி உமி நீக்கறதே பெண்களுக்கு அரை நாள் வேலை. யாரா இருந்தாலும் மரவள்ளிக்குத்தான் போவோம்.

பிரச்சனை செடியில இல்ல, அது வளர்ற விதத்துல. மரவள்ளியைத் தள்ளித் தள்ளி நடணும். முதல் சில மாசம் நடுவுல தரை வெறுமையா கிடக்கும். அறுவடைன்னா செடியை வேரோட பிடுங்கறது. மண்ணு கிளறி உதிர்ந்துடும். சமவெளியில இது பெரிசா தெரியாது. சரிவான மேட்டுல ஒரு கனமழை வந்தா அந்த மண்ணு ஓடைக்குப் போயிடும். டிகாஷன் கணக்குல சொன்னா, பில்டர்ல இருக்கிற பொடி குறைஞ்சுக்கிட்டே வருது.

இதுக்கு அங்கயே பதிலும் இருக்கு. மரத்துல மிளகு ஏத்தி, கீழே காபி, நடுவுல பலா, வாழைன்னு கலந்து வெச்ச தோட்டங்களைக் கொல்லிமலையில நிறைய பார்க்கலாம். அதுல தரை எப்பவும் சருகு மூடியே இருக்கும். சரிவுக்குக் குறுக்கே கல் வரப்பு போட்டாலே மண்ணு நிக்கும். எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990-களில் இருந்து அங்க சிறுதானியத்துக்காக வேலை செய்யுது. அவங்க செஞ்ச முக்கியமான காரியம் பிரசங்கம் இல்ல. ஊருக்குள்ள சின்ன அரவை மில்லு வெக்க உதவினது, சுய உதவிக் குழுக்கள் மூலமா விக்க வழி பண்ணினது. உமி நீக்கற சுமை குறைஞ்சா சாமை விதைக்க மனசு வரும். சில நேரம் ஒரு அருவியைக் காப்பாத்தற கருவி ஒரு மில்லு.

கோயில் காடு தெரிஞ்சு வெச்ச விஷயம்

கொல்லிமலையில சுத்தினா வயல்களுக்கு நடுவுல திடீர்னு ஒரு அடர்ந்த மரக்கூட்டம் வரும். உள்ளே ஒரு சாமி. செருப்பு போட்டுட்டுப் போகக்கூடாது, கிளையை ஒடிக்கக்கூடாது, விழுந்த விறகைக்கூட எடுக்கக்கூடாதுன்னு கட்டுப்பாடு. இந்தக் கோயில் காடுகள் பலதுக்குப் பக்கத்துலயே ஊத்தோ ஓடையோ இருக்கும்.

இதைப் பெரிய மர்மமாக்க வேண்டியதில்ல. ஆழமா வேர் ஓடின மரம், முழங்கால் அளவு சருகு, யாரும் மிதிக்காத மண். தண்ணி இறங்க இதைவிட நல்ல இடம் கிடையாது. மேல உயரமான பகுதிகள்ல மிச்சம் இருக்கிற சோலைக்காடும் இதே வேலையைத்தான் செய்யுது.

மேல வெட்டினதும், திருப்பப் போறதும்

கொல்லிமலை உச்சிகள்ல பாக்சைட் இருக்கு. அலுமினியத்தோட மூலப்பொருள். மேட்டூர் அலுமினிய ஆலைக்காக இங்க பல வருஷம் வெட்டினாங்க. நீதிமன்றம் வரைக்கும் போன பிறகு 2008 வாக்குல அது நின்னது. பாக்சைட் படிவம் நுண்துளைகள் நிறைஞ்சது, மழையை உறிஞ்சி வெச்சுக்கும். ஒடிசாவுல நியமகிரி மலையில இதே பாக்சைட்டுக்காக சுரங்கம் வரப்போனப்ப, 2013-ல 12 கிராம சபைகளும் வேண்டாம்னு தீர்மானம் போட்டாங்க. எங்க சாமியும் எங்க ஓடைகளும் இந்த மலையிலதான் இருக்குன்னு அந்த மக்கள் சொன்னாங்க.

இப்ப கொல்லிமலையில பேசப்படறது நீர்மின் திட்டம். மேல்தளத்து ஓடைகள்ல தடுப்பணை கட்டி, தண்ணியைத் திருப்பி, மலையடிவாரத்துல 20 மெகாவாட் மின்சாரம் எடுக்கற மின்வாரியத் திட்டம். நிலக்கரி எரிக்காத மின்சாரம்ங்கிறது உண்மையான நன்மை. மின்சாரம் எடுத்த தண்ணி காணாமப் போகாது, கீழே ஆத்துலயே சேரும்ங்கிறதும் உண்மை. ஆனா திருப்பின இடத்துக்கும் மின்நிலையத்துக்கும் நடுவுல ஓடைக்கு அந்தத் தண்ணி கிடைக்காது. அருவி அந்த நடுவுல வந்துட்டா என்ன ஆகும்ங்கிறதுதான் உள்ளூர் மக்களோட பயம், அதனாலதான் எதிர்ப்பு.

இந்த மாதிரி எந்தத் திட்டத்துலயும் நாம கேக்க வேண்டிய கேள்வி ஒண்ணுதான். மழைக்காலத்துல எவ்வளவு எடுப்பீங்கன்னு கேக்கறதைவிட, பங்குனி சித்திரையில ஓடைக்குன்னு எவ்வளவு விட்டு வைப்பீங்க? அந்த எண்ணை ஊருக்குத் தெரியற மாதிரி எழுதிப் போடுவீங்களா?

சிக்கிம்காரங்க செஞ்சது

இது கொல்லிமலைக்கு மட்டும் வந்த பிரச்சனை இல்ல. இமயமலை ஊர்கள் பலதும் ஊத்தை நம்பித்தான் வாழுது. அங்கயும் ஊத்துகள் வேகமா வத்திட்டு வருதுன்னு 2018-ல நிதி ஆயோக் அறிக்கை சொன்னது. சிக்கிம் 2008-ல தாரா விகாஸ்னு ஒரு திட்டம் தொடங்கினாங்க. தாரான்னா அங்க ஊத்து.

அவங்க முதல்ல செஞ்சது ஊத்துகளைக் கணக்கெடுத்தது. அடுத்தது, இந்த ஊத்துக்குத் தண்ணி மேல எந்தச் சரிவுல இருந்து வருதுன்னு பாறையோட சாய்வை வெச்சுக் கண்டுபிடிச்சது. அந்தச் சரிவுல சின்னச் சின்னக் குழிகள் வெட்டி மழையை நிறுத்தினாங்க. ஊரக வேலை உறுதித் திட்டத்துல ஊர் மக்களே வெட்டினாங்க. பல ஊத்துகள்ல கோடைத் தண்ணி திரும்பக் கூடுச்சு. செலவு பெரிய அணை மாதிரி இல்ல. மண்வெட்டி, கூலி, கொஞ்சம் பாறையைப் படிக்கத் தெரிஞ்ச ஆட்கள்.

கொல்லிமலையிலயும் எந்த ஊத்து எப்ப வத்தும்னு சொல்ல ஆள் இருக்காங்க. அன்னாசிப்பழ அக்காகிட்ட ஒரு நோட்டைக் கொடுத்தாலே பாதிக் கணக்கெடுப்பு முடிஞ்சுடும்.

அடுத்த தடவை போறப்ப

முடிக்கறதுக்கு முன்னாடி, போகப் போறவங்களுக்குச் சில விஷயம். மழை அதிகமா இருந்தா குளிக்க விடமாட்டாங்க, கிளம்பறதுக்கு முன்னாடி விசாரிச்சுட்டுப் போங்க. ஆயிரம் படி இறங்கறது சுலபம், ஏறறதுதான் சிரமம். அம்மா அப்பாவைக் கூட்டிட்டுப் போறவங்க யோசிங்க. சோப்பு, ஷாம்பு வேண்டாம். அந்தத் தண்ணியைக் கீழே புளியஞ்சோலையில இன்னொருத்தர் குளிக்கறாங்க. மூலிகைத் தண்ணின்னு சொல்லி அப்படியே குடிக்காதீங்க. மண்ணு வடிகட்டினது உண்மைதான், ஆனா ஊத்துக்கும் அருவிக்கும் நடுவுல ஆறு பல ஊர்களைத் தாண்டி வருது.

திரும்பி வர்றப்ப செம்மேட்டுலயோ சோளக்காடு சந்தையிலயோ மிளகோடயும் மலைவாழையோடயும் சாமை கிடைக்குதான்னு கேட்டுப் பாருங்க. கிடைச்சா ரெண்டு கிலோ வாங்குங்க. நான் வாங்கினேன். எங்க வீட்டுல சாமைப் பொங்கல் இப்ப வாரத்துல ஒரு நாள்.

இன்னொண்ணு, முடிஞ்சா ஒரு தடவை சித்திரையில போங்க. ரீல்ஸுக்கு நல்லா இருக்காது. நூலாட்டம்தான் விழும். ஆனா அந்த நேரத்துல விழற ஒவ்வொரு சொட்டும் ஊத்துத் தண்ணி மட்டும்தான். மலை எவ்வளவு மிச்சம் வெச்சிருக்குன்னு அப்பதான் தெரியும்.

உங்க ஊர்ல வத்திப்போன ஊத்தோ, திரும்பி வந்த ஊத்தோ இருந்தா எங்களுக்கு வாய்ஸ் நோட் அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.